கில்ட், பாட்டு, ஸ்காட்லாந்து – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலக வேலையாகக் குளிர்காலத்தில் எடின்பரோவில் இருந்தேன். ராயல் மைல் தெருவில் நடந்தால் பத்தடிக்கு ஒரு கடை, எல்லாக் கடையிலும் கட்டம்போட்ட கம்பளித்துணி, முனைக்கு முனை பேக்பைப் வாசிப்பவர்கள். ஜனவரி 25 அன்று, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாளுக்காக, அலுவலகத்திலேயே பர்ன்ஸ் விருந்து வைத்தார்கள். ஹாக்கிஸ் என்ற ஆட்டிறைச்சிப் பதார்த்தத்தை வெட்டுவதற்கு முன் ஒருவர் எழுந்து அதைப் பற்றிய கவிதையை முழுதாக மனப்பாடமாகச் சொன்னார், எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் கூட வேலைபார்க்கும் கிளாஸ்கோக்காரர், ‘இதெல்லாம் பிஸ்கட் டப்பா ஸ்காட்லாந்து, நம்பாதீர்கள்’ என்றார். ஊருக்கு வந்து படித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி என்று தோன்றுகிறது. குலத்துக்கு ஒரு டார்ட்டன், அதாவது தனிக் கட்டத்துணி, என்பதே 19-ம் நூற்றாண்டில் உண்டாக்கியது என்கிறார் ட்ரெவர்-ரோப்பர் என்ற வரலாற்றாசிரியர். கேலிக் மொழி பேசுபவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 2014-ல் தனிநாடு வேண்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்று வாக்களித்துவிட்டார்கள். மொழி போயிற்று, உடை பொய், அரசும் இல்லை. அப்படியென்றால் ஸ்காட்லாந்து அடையாளம் என்று நிஜமாகவே ஒன்று உண்டா, இல்லை எழுத்தாளர்களும் கலைஞர்களும் சேர்ந்து செய்துவைத்த சுற்றுலாச் சரக்கா?

எம்., கோவை

அன்புள்ள எம்,

நீங்கள் படித்த தகவல்கள் பெரும்பாலும் சரி. அதிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்த முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தகவல்களை முதலில் வரிசையாக வைத்துவிடுகிறேன். 1746 ஏப்ரலில் கலோடன் போரில், லண்டன் அரசை எதிர்த்த ஹைலேண்ட் (வடக்கு மலைப்பகுதி) குலங்களின் படை நசுக்கப்பட்டது. அதே வருடம் லண்டன் நாடாளுமன்றம் போட்ட சட்டம், ஹைலேண்ட் ஆண்கள் கில்ட் என்ற மடிப்புப் பாவாடையோ டார்ட்டனோ உடுத்துவதைக் குற்றமாக்கியது. முதல்முறை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை, மறுமுறை பிடிபட்டால் ஏழு வருடம் நாடுகடத்தல். பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782-ல் சட்டத்தை நீக்கினார்கள், ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை போய்விட்டது, சாதாரண ஜனங்கள் பழைய உடைக்குத் திரும்பவில்லை. எடுத்துக்கொண்டவர்கள் பிரபுக்களும், லண்டனில் சங்கம் வைத்திருந்த ஹைலேண்ட் கனவான்களும், ராணுவ ரெஜிமென்ட்களும்தான். 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது வரவேற்பு ஏற்பாடு முழுவதும் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் கையில் இருந்தது. அவர் ஊரையே டார்ட்டனால் மூடினார். மன்னரே தோல்நிறக் காலுறையும் கில்ட்டுமாக வந்து நின்றார். அதுவரை ஹைலேண்ட்காரன் என்றால் மாடு திருடுகிறவன் என்று நினைத்திருந்த தெற்குச் சீமைக் கனவான்கள்கூட அந்த இரண்டு வாரத்துக்குத் தங்களுக்கென்று ஒரு குலமும் ஒரு கட்டமும் தேடிக்கொண்டார்கள். அப்புறம் 1842-ல், கலோடனில் அந்தப் படையை நடத்திய இளவரசர் சார்லியின் பேரன்கள் என்று சொல்லிக்கொண்ட இரண்டு சகோதரர்கள் ஒரு பழைய சுவடி கிடைத்ததாகச் சொல்லி குலவாரியாக டார்ட்டன்களைப் பட்டியல் போட்டுப் புத்தகமாக்கினார்கள். சுவடி போலி. பட்டியலில் இருந்த பல டார்ட்டன்கள் இன்றும் கடையில் விற்கின்றன.

சரி, இதெல்லாம் உண்மை. ஆனால் உண்டாக்கியது என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடுமா? எந்த மக்களின் கொடியும் உடையும் திருவிழாவும் ஒருகாலத்தில் யாரோ உட்கார்ந்து யோசித்து உண்டாக்கியதுதான். அசலா போலியா என்று துருவிக்கொண்டே போனால் எந்த தேசமும் மிஞ்சாது. ஒரு தேசத்தின் கலையிடம் நான் கேட்பது வேறு: அது யாரைக் கண்ணில் படாமல் செய்தது, யாரைக் கண்ணில் பட வைத்தது? ஸ்காட்லாந்தின் கடந்த இருநூறு வருடக் கலையை இந்தக் கேள்வியோடு பார்த்தால்தான் அது ஏன் அவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று புரியும்.

எடின்பரோவில் இருந்தபோது தேசிய ஓவியக்கூடத்துக்குப் போனீர்களா தெரியவில்லை. அங்கே ஹென்றி ரேபர்ன் வரைந்த ஒரு முழு உருவப்படம் இருக்கிறது, 1812-ஐ ஒட்டியது. க்ளென்கேரி குலத்தலைவர் மக்டொனெல். உச்சி முதல் பாதம் வரை டார்ட்டன், கையில் நீளத் துப்பாக்கி, பின்சுவரில் கேடயமும் வாளும், முகம் ஒரு பக்கமாகத் திரும்பி எங்கோ தூரத்தைப் பார்க்கிறது. அற்புதமான படம். அந்தத் துணியின் மடிப்பில் விழும் வெளிச்சத்துக்காகவே திரும்பத் திரும்பப் பார்க்கலாம். இந்த மனிதர் 1815-ல் ‘உண்மையான ஹைலேண்டர்கள்’ என்ற பெயரில் ஒரு சங்கமே தொடங்கினார், 1822 ஊர்வலத்தில் தன் ஆட்களோடு முன்னால் வந்து நின்றார், ஸ்காட்டின் முதல் நாவலில் வரும் குலத்தலைவனுக்கு இவர்தான் மாதிரி என்று சொல்வார்கள். இதே மனிதர்தான் தன் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடிகளை ஆட்டுப்பண்ணைக்காக வெளியேற்றிக்கொண்டிருந்தார். க்ளென்கேரியின் ஜனங்கள் கப்பலேறி கனடாவுக்குப் போனார்கள், ஒண்டாரியோவில் இன்றும் க்ளென்கேரி என்ற பெயரில் ஒரு மாவட்டம் இருக்கிறது. படத்தில் குலத்தலைவர் இருக்கிறார், குலம் இல்லை.

வடக்கே சதர்லாந்தில் நடந்தது இதைவிடப் பெரிது. ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கை 1814-லும் 1819-லும் காலி செய்தார்கள். ஜனங்கள் திரும்பி வந்துவிடக்கூடாது என்று கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். நூறு வயதை நெருங்கிய ஒரு கிழவியைப் படுக்கையோடு வெளியே தூக்கிவந்தபோது போர்வையில் தீ பிடித்திருந்தது, ஐந்து நாளில் அவர் இறந்துபோனார். எஸ்டேட் அதிகாரி பாட்ரிக் செல்லர் மீது 1816-ல் இன்வர்னெஸ்ஸில் வழக்கு நடந்தது, விடுதலையானார். 1819-க்கும் 1822-க்கும் நடுவே மூன்று வருடம்தான். மன்னர் கில்ட் போட்டு நின்ற சமயத்தில் அந்த உடைக்குச் சொந்தக்காரர்கள் கடற்கரைப் பாறையில் மீன்பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள், இல்லை கிளாஸ்கோ பஞ்சாலையில் நின்றார்கள், இல்லை கடல் நடுவில் இருந்தார்கள். உங்கள் கிளாஸ்கோ நண்பருக்குப் பிஸ்கட் டப்பா மேல் வரும் கோபத்துக்கு வேர் இதுதான் என்று நினைக்கிறேன். டார்ட்டன் புதிதாக உண்டாக்கியது என்பதை அவர் மன்னித்துவிடுவார், ஆளில்லாத மலையை அழகு என்று காட்டியதை மன்னிக்கமாட்டார். அந்த மலைகள் ஆளில்லாமல் பிறக்கவில்லை.

இனி இந்தச் சுமை ஏன் கலையின் தலையில் வந்து விழுந்தது என்பதைச் சொல்லவேண்டும். 1707 மே மாதம் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இங்கிலாந்தோடு இணைந்து இல்லாமல் போயிற்று. தேவாலயமும் சட்டமும் கல்வியும் தனியாகவே நீடித்தன, அதனால்தான் அந்த நாடு கரைந்துபோகவில்லை. ஆனால் ‘நாம்’ என்று பேசுவதற்கு ஒரு மன்றம் இல்லை. அடுத்த 292 வருடம் அந்தப் பேச்சைப் பாட்டுகளும் கவிதைகளும் நாவல்களும் நாடகங்களும் பேசின. அரசு கையில் இருக்கும் நாட்டில் ஒரு கவிஞரை ஜனங்கள் இப்படிக் கொண்டாட வேண்டிய அவசியம் வராது.

பர்ன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தில் சொல்லும் ஹாக்கிஸ் கவிதையைவிட அவர் செய்த பெரிய காரியம் பாட்டுச் சேகரிப்பு. ஏர் ஓட்டிய மனிதர், பிறகு டம்ஃப்ரீஸில் சுங்கவரி அலுவலர், அந்த வேலைக்கு நடுவே குதிரையில் அலைந்து பழைய மெட்டுகளையும் அரைகுறையாக மிஞ்சியிருந்த வரிகளையும் திரட்டினார், விட்டுப்போன இடத்தைத் தானே நிரப்பினார். ஜேம்ஸ் ஜான்சன் என்பவர் வெளியிட்ட ஆறு தொகுதிப் பாடல் நூலுக்குச் சுமார் 200 பாட்டு கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஸ்காட்லாந்தின் பாட்டுக்குக் கூலி வாங்குவது தனக்குத் தகாது என்று நினைத்தார். 1796 ஜூலையில், 37 வயதில், சாகக் கிடக்கும்போது துணிக்கடைக் கடனுக்காக ஐந்து பவுண்டு அனுப்பச் சொல்லி இன்னொரு பாடல் பதிப்பாளருக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. அதைப் படித்தபின் பர்ன்ஸ் விருந்தில் சும்மா சிரித்துவிட்டு வர முடியாது.

1999 ஜூலை 1 அன்று எடின்பரோவில் நாடாளுமன்றம் மறுபடி திறந்தது. ராணி வந்திருந்தார், கணவரும் பட்டத்து இளவரசரும் வந்திருந்தார்கள். மேடைக்கு ஷீனா வெல்லிங்டன் என்ற நாட்டார் பாடகி வந்தார், பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் பர்ன்ஸின் ஒரு பாட்டைப் பாடினார். பட்டமெல்லாம் பொற்காசின் மேல் குத்திய முத்திரைதான், பொன் என்பது மனிதன்தான் என்று சொல்லும் பாட்டு. பிரபு என்று நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறானே அவன் வெறும் மடையன் என்று ஒரு சரணத்தில் நேராகவே வரும். 1795-ல் அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டு அதைச் சொந்தப் பெயரில் வெளியிட பர்ன்ஸுக்கு வழியில்லை, பெயரில்லாமல்தான் அச்சானது. இருநூறு வருடம் கழித்து அதை மன்னர் குடும்பத்தின் முகத்துக்கு நேராகப் பாடினார்கள். கடைசிச் சரணத்துக்கு வெல்லிங்டன் கையைக் காட்டியதும் உறுப்பினர்கள் எழுந்து சேர்ந்து பாடினார்கள், ராணியை நடுவில் வைத்துக்கொண்டு உலகத்து மனிதரெல்லாம் சகோதரராகும் நாள் வரும் என்று பாடினார்கள். அந்த ஒளிப்பதிவு இணையத்தில் கிடைக்கிறது, பாருங்கள். அந்தச் சபையில் தனிநாடு கேட்கிறவர்களும் இருந்தார்கள், பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்புகிறவர்களும் இருந்தார்கள். பாட்டு இரண்டு பேர் வாயிலும் இருந்தது.

2014 பற்றி நீங்கள் கேட்டதற்கும் இதுதான் என் பதில். 55-க்கு 45 என்று தனிநாடு வேண்டாம் என்றார்கள், வாஸ்தவம். அதைச் சொல்ல 84.6 சதவீதம் பேர் வந்து வாக்களித்தார்கள் என்பதையும் பாருங்கள். தங்களை ஒரு தேசமாக நினைக்காத ஜனங்கள் இந்தக் கேள்விக்காக அப்படித் திரண்டு வரமாட்டார்கள். வேண்டாம் என்றவர்களில் பெரும்பாலானவர்களும் தங்களை ஸ்காட்டிஷ் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். அரசுக்குப் போட்ட வாக்கை வைத்து அடையாளத்தை அளக்கக்கூடாது.

இருபதாம் நூற்றாண்டில் கவிஞர் ஹ்யூ மெக்டியார்மிட் பர்ன்ஸ் விருந்துகளைக் கடுமையாகத் தாக்கினார். கவிஞரை ஜனங்கள் கொண்டாடுவதில் அவருக்குத் தகராறு இல்லை, வருடத்தில் ஒரு இரவு குடித்துவிட்டு மற்ற 364 நாள் அவர் மொழியை எழுதாமல் இருப்பதில்தான் கோபம். பழைய அகராதியிலிருந்து, ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவான ஸ்காட்ஸ் மொழியின் சொற்களை எடுத்து, வட்டார வழக்குகளோடு கலந்து, 1926-ல் ஒரு நெடுங்கவிதை எழுதினார். குடித்துவிட்டு மலைச்சரிவில் விழுந்து கிடக்கும் ஒருவன், நிலாவெளிச்சத்தில் ஸ்காட்லாந்தின் சின்னமான முட்செடியைப் பார்த்துத் தன் நாட்டைப் பற்றி யோசிப்பது. இன்றைக்கும் அதன் வேகம் குறையவில்லை. இன்னொரு கவிஞர் எட்வின் முயர் பத்து வருடம் கழித்து, ஆங்கிலத்தில் எழுதுவதுதான் இனி வழி என்று சொன்னதும் இரண்டு பேருக்கும் நட்பு முறிந்தது. இந்தச் சண்டையில் நான் மெக்டியார்மிட் பக்கம். ஆனால் அவரிடம் ஒரு குறை உண்டு. நாட்டார் பாட்டை அவர் மதிக்கவில்லை, அதைப் பற்றிப் பத்திரிகையில் காரமாக எழுதிச் சண்டை போட்டார். எதிரே நின்றவர் ஹேமிஷ் ஹெண்டர்சன்.

ஹெண்டர்சனைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுதவேண்டும். 1919-ல் பிறந்தவர், ஆப்பிரிக்கப் பாலைவனப் போரில் உளவு அதிகாரியாக இருந்தவர், கவிஞர். 1951-ல் எடின்பரோ சர்வதேச விழா ஊரின் மேல்தட்டுக்கு ஐரோப்பிய இசையை விருந்தாக்கிக்கொண்டிருந்தபோது, இவரும் நண்பர்களும் தொழிற்சங்கங்களைச் சேர்த்துக்கொண்டு மக்கள் விழா என்று ஒன்று நடத்தினார்கள். அதில் ஓர் இரவு கேய்லி, அதாவது பாட்டும் கதையுமாகக் கூடும் இரவு. ஹைலேண்ட் தீவுகளிலிருந்தும் வடகிழக்குப் பண்ணைகளிலிருந்தும் பாடகர்களை வரவழைத்துத் தலைநகர மேடையில் உட்காரவைத்தார். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த நாட்டார் பாட்டுச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் முழுவதையும் ஒலிநாடாவில் பிடித்தார். அதே வருடம் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி தொடங்கியது, ஹெண்டர்சன் அதன் தூண்களில் ஒருவரானார்.

அவர் போய்த் தேடிய ஆட்கள் யார் என்பதைக் கவனியுங்கள். டிராவலர்ஸ் என்று சொல்லப்படும் நாடோடி மக்கள். தகர வேலை செய்வார்கள், குதிரை வியாபாரம் செய்வார்கள், அறுவடைக்குக் கூலிக்குப் போவார்கள், கூடாரத்தில் இருப்பார்கள். ஊருக்குள் அவர்களை யாரும் அண்டவிடமாட்டார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிப்பார்கள், அரசாங்கமே அவர்களை வலுக்கட்டாயமாக ஓரிடத்தில் குடியமர்த்தித் திருத்தப் பார்த்தது, பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டுபோன குடும்பங்களும் உண்டு. அதற்கு ஸ்காட்லாந்து அரசு மன்னிப்புக் கேட்டது 2025-ல்தான். இந்த மக்களிடம்தான் நானூறு ஐந்நூறு வருடக் கதைப்பாடல்கள் முழுசாக இருந்தன. 1953-ல் ஹெண்டர்சன் அபர்டீனில் கேலோகேட் தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார், ஜீனி ராபர்ட்சன் என்ற டிராவலர் பெண் திறந்தார். புத்தகத்தில் செத்துக் கிடந்த பாட்டுகள் அவர் தொண்டையில் உயிரோடு இருந்தன. மகன் வாளில் ரத்தம் இருப்பதைப் பார்த்துத் தாய் கேள்வி கேட்கும் ஒரு கதைப்பாடல் உண்டு, மகன் முதலில் பருந்தின் ரத்தம் என்று மழுப்புவான், கடைசியில் சகோதரனைக் கொன்றதை ஒப்புக்கொள்வான். ஜீனி அதை அவசரமே இல்லாமல், ஒவ்வொரு வரியையும் நீளமாக இழுத்து, குரலை உயர்த்தாமல் பாடுவார். அவருக்கு அது சொந்த வீட்டுத் துக்கம். பிளேர்கவ்ரியில் பெர்ரி பறிக்கும் காலத்தில் டிராவலர்கள் கூடாரம் போட்டுக் கூடுவார்கள், அங்கே பாட்டுச் சேகரிப்பது நயாகராவுக்கு அடியில் தகர டப்பாவைப் பிடிப்பது மாதிரி என்று ஹெண்டர்சன் சொல்வார்.

தேசத்தின் ஆகப் பழைய பாட்டு, அந்தத் தேசம் வாசலில் நிற்கவிடாத மக்களிடம் இருந்தது. எனக்கு ஸ்காட்லாந்து அடையாளம் என்றால் ரேபர்னின் குலத்தலைவருக்கு முன்னால் ஜீனி ராபர்ட்சன்தான் நினைவுக்கு வருவார்.

ஹெண்டர்சன் 1960-ல் ஒரு பாட்டு எழுதினார், முதல் உலகப்போர்க் காலத்துப் பேக்பைப் மெட்டில். அமெரிக்க அணு நீர்மூழ்கிக் கப்பல்கள் ஹோலி லோக் கடற்கழிக்கு வருவதை எதிர்த்து ஊர்வலம் போனவர்களுக்காக எழுதியது. அதில் ஸ்காட்லாந்து தன்னைப் புகழ்ந்துகொள்ளவே இல்லை. நம் பையன்கள் இனி அடுத்தவன் நாட்டுக்குப் பேரரசுக்காகச் சண்டை போடப் போகமாட்டார்கள், நாம் போன இடத்திலெல்லாம் குடும்பங்கள் நம்மைச் சபித்தன என்று வருகிறது. கடைசியில் ஆப்பிரிக்காவில் ஒரு கறுப்புப் பையன் தூக்குமரத்தைப் பிடுங்கி எறிகிறான். இதைத் தேசிய கீதமாக்கலாம் என்று பலரும் சொன்னார்கள், ஹெண்டர்சன் ஒப்பவில்லை. ஸ்காட்லாந்துக்கு அதிகாரபூர்வ தேசிய கீதம் இன்றுவரை கிடையாது. ரக்பி மைதானத்தில், இங்கிலாந்துப் படையைத் தோற்கடித்த பேனக்பர்ன் போரைப் பற்றிய பாட்டைப் பாடுவார்கள், 1990 முதல் அது வழக்கம், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தன் சிப்பாய்களின் குற்றத்தையும் சேர்த்துப் பாடும் ஒரு தேசப் பாட்டு எத்தனை நாட்டில் இருக்கிறது?

இதே வழியில் வந்த நாடகம் 1973-ன் ‘செவியட், மான், கறுப்போ கறுப்பான எண்ணெய்’. எழுதியவர் ஜான் மெக்ராத், குழுவின் பெயர் 7:84. நாட்டின் 84 சதவீதச் சொத்து 7 சதவீதம் பேர் கையில் இருக்கிறது என்ற கணக்கைப் பெயராகவே வைத்துக்கொண்டார்கள். செவியட் என்பது ஜனங்களை விரட்டிவிட்டுக் கொண்டுவந்த ஆட்டின் இனம். அப்புறம் பணக்காரர்கள் வேட்டையாடும் மான். அப்புறம் வடகடல் எண்ணெய். மூன்றும் ஒரே கதை என்பதுதான் நாடகம். வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஹைலேண்ட் கிராமங்களின் பொதுக்கூடங்களில் போட்டார்கள். ஜான் பர்ன் வரைந்த ஒரு ராட்சசப் புத்தகம்தான் அரங்கம், பக்கத்தைப் புரட்டினால் மலையோ குடிசையோ எழுந்து நிற்கும். பாட்டன் பாட்டி விரட்டப்பட்ட அதே ஊரில், அந்தப் பேரப்பிள்ளைகள் முன்னால், விரட்டியவர்களைப் பெயர் சொல்லி நடித்தார்கள். நாடகம் முடிந்ததும் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஊரும் நடிகர்களும் சேர்ந்து ஆடினார்கள். 2006-ல் தொடங்கிய ஸ்காட்லாந்து தேசிய நாடக அமைப்பு தனக்கென்று அரங்கம் கட்டிக்கொள்ளாமல் ஊர் ஊராகப் போகிறது என்றால் அதற்கு முன்னோடி இந்த வேன்தான்.

மொழி போயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். 2022 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 70,000 பேர் கேலிக் பேசுவதாகச் சொன்னார்கள், கொஞ்சமாவது தெரியும் என்றவர்கள் 1,30,000. பள்ளிக்கூடம் வழியாகக் கற்றவர்கள் கூடுகிறார்கள், தீவுகளில் வீட்டுமொழியாகப் பேசுவது குறைகிறது, அது பெரிய ஆபத்து, மறைக்க ஒன்றுமில்லை. ஸ்காட்ஸ் மொழியைப் பேசுவதாகச் சொன்னவர்கள் 15 லட்சம் பேர். 2025-ல் இரண்டுக்கும் ஆட்சிமொழித் தகுதி தரும் சட்டம் நிறைவேறியது. ஆங்கிலத்தில் எழுதினாலும் அது லண்டன் ஆங்கிலமாக இருக்கவேண்டியதில்லை. 1994-ல் ஜேம்ஸ் கெல்மனுக்கு புக்கர் பரிசு கிடைத்தபோது நடுவர்களில் ஒருவரே அதை வெளிப்படையாகக் கண்டித்தார். கிளாஸ்கோ உழைப்பாளி தெருவில் பேசுகிற மொழியில் ஒரு முழு நாவல் என்பதுதான் பலருக்கும் உறுத்தல். கெல்மன் பரிசு மேடையிலேயே, என் பண்பாட்டுக்கும் என் மொழிக்கும் இருக்க உரிமை உண்டு என்று சொன்னார். அலாஸ்டேர் கிரே 1981-ல் வெளியிட்ட ‘லானார்க்’ நாவலில் ஒரு பாத்திரம் கேட்கும்: கிளாஸ்கோ இவ்வளவு அருமையான ஊர், நாம் ஏன் அதைக் கவனிப்பதே இல்லை? இங்கே வாழ்வதாக யாரும் கற்பனை செய்யவில்லை, அதனால்தான் என்று பதில் வரும். 1979-ல் தன்னாட்சி வாக்கெடுப்பில் 51.6 சதவீதம் ஆதரவு கிடைத்தும், மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் என்ற நிபந்தனையால் அது தோற்றுப்போயிருந்தது. அந்தத் தோல்விக்குப் பின் வந்த பதினெட்டு வருடம் ஸ்காட்லாந்து இலக்கியத்தின் பொற்காலம். 1997-ல் மறுபடி கேட்டபோது 74 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். நாவல்தான் வாக்கு வாங்கித் தந்தது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அந்தப் பதினெட்டு வருடம் பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டது நாவலும் கவிதையும்தான்.

கேலிக் கவிஞர் சோர்லி மக்லீனின் ‘ஹாலேக்’ கவிதையைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வராது. 1954-ல் கேலிக்கில் வெளிவந்தது. ஹாலேக் என்பது ராஸே தீவில் இருந்த ஒரு ஊர். 1850-களில் காலி செய்யப்பட்டது, இப்போது கல்சுவர்களின் அடிப்பாகம்தான் மிச்சம், சுற்றிலும் பிர்ச் மரக்காடு. மக்லீன் அந்தத் தீவில் பிறந்தவர். கவிதையில் அவர் பலகை அடித்த ஜன்னல் வழியாகப் பார்க்கிறார், போனவர்களெல்லாம் அங்கேயே இருக்கிறார்கள். பெண்கள் பிர்ச் மரங்களாக நிமிர்ந்து நடந்து வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வீடு திரும்புகிறார்கள், ஆண்கள் புல்வெளியில் படுத்திருக்கிறார்கள். காலம் ஒரு மானாக அந்தக் காட்டில் நிற்கிறது. காதலின் துப்பாக்கியிலிருந்து ஒரு குண்டு அந்த மானை வீழ்த்தும், நான் உயிரோடு இருக்கும்வரை அதன் ரத்தத்தடம் கண்ணில் படாது என்று முடியும். ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார், காலியான ஊர்ப்பெயர்கள். புகார் சொல்லவில்லை, யாரையும் திட்டவில்லை, இறந்தவர்களைத் திரும்ப நடக்க வைக்கிறார். 1851-ல் லண்டன் ஓவியர் லேண்ட்சியர் வரைந்த, ஆளே இல்லாத மலைமேல் நிற்கும் அந்தப் புகழ்பெற்ற கொம்பு மான் ஓவியத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த ஓவியமும் ஹாலேக் காலியானதும் ஒரே பத்தாண்டைச் சேர்ந்தவை.

ராஸேயைக் காலி செய்தவர் ஜார்ஜ் ரெய்னி. குடிகள் கல்யாணம் செய்துகொள்ளக்கூடாது என்றுகூட உத்தரவு போட்டவர். அவரும் ஒரு ஹைலேண்ட் போதகரின் மகன்தான். தீவை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது? தென் அமெரிக்காவில் டெமராராவில் அடிமைகளை வைத்து நடந்த கரும்புத் தோட்ட வியாபாரத்திலிருந்து. ஹாலேக்கின் கல்சுவரும் கயானாவின் கரும்புக் காடும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன. பர்ன்ஸே 1786-ல் ஜமைக்கா தோட்டத்தில் கணக்குப்பிள்ளை வேலைக்குப் போகக் கப்பலுக்கு ஏற்பாடு செய்திருந்தார், முதல் புத்தகம் விற்றதால் நின்றுபோனது. ஸ்காட்லாந்து தன்னை இங்கிலாந்தால் பாதிக்கப்பட்ட நாடாக மட்டும் சொல்லிக்கொள்ளும்போது மறைவது இந்தப் பக்கம்தான்.

இதில் நமக்கும் பங்கு உண்டு. இலங்கையில் 1867-ல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் கின்கார்டின்ஷயர்க்காரர். மலையகத்துத் தோட்டங்களின் பெயரைப் பாருங்கள்: ஹோலிரூட், டன்கெல்ட், பால்மோரல், ஸ்ட்ராத்ஸ்பே. ஸ்காட்லாந்து வரைபடத்தை அப்படியே தூக்கி அந்த மலைமேல் விரித்திருக்கிறார்கள், கொழுந்து பறித்தவர்கள் லயன் அறையில் இருந்த தமிழர்கள். சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலையக மக்கள் பாடல்களில் துரைமாரும் வருகிறார்கள், கங்காணியும் வருகிறார். ஹெண்டர்சன் போன்ற ஒருவர் அந்தப் பாட்டுகளைக் கேட்டிருந்தால் எழுந்து நின்றிருப்பார் என்று நான் நம்புகிறேன்.

ஸ்காட்லாந்து மறைத்த அந்தப் பக்கத்தைக் கண்ணில் பட வைக்கும் வேலையை இப்போது செய்கிறவர்களில் முக்கியமானவர் கவிஞர் ஜாக்கி கே. ஸ்காட்டிஷ் தாய்க்கும் நைஜீரியத் தந்தைக்கும் எடின்பரோவில் பிறந்து, கிளாஸ்கோவில் ஒரு வெள்ளைக் கம்யூனிஸ்ட் தம்பதியால் தத்தெடுத்து வளர்க்கப்பட்டவர். 2016 முதல் 2021 வரை நாட்டின் அரசவைக் கவிஞராக இருந்தார். அடிமைப் பெண்களின் குரலில் அவர் எழுதிய ‘லாம்ப்லைட்டர்’ நாடகத்தில் கிளாஸ்கோ நகரம் யார் ரத்தத்தில் வளர்ந்தது என்று வருகிறது. அவருடைய ஒரு சின்னக் கவிதையில், தண்ணீர்க்கரையில் நடந்து போகும்போது ஒரு பெண் அவரை ஏற இறங்கப் பார்த்து எந்த ஊர் என்று கேட்கிறாள். இங்கேதான், இந்தப் பக்கம்தான் என்று பதில் சொல்கிறார்.

எங்கே தொடங்குவது என்றால், புத்தகத்துக்கு முன் காதால் தொடங்குங்கள். மார்ட்டின் பென்னட் என்ற இளைஞர், 33 வயதில் புற்றுநோயில் போய்விட்டார், பழைய ஒலிநாடாக்களில் இருந்த டிராவலர் பாடகர்களின் குரலை எடுத்து நவீனத் தாளத்தோடு சேர்த்து 2003-ல் ‘கிரிட்’ என்று ஓர் ஆல்பம் செய்தார். ஜீனி ராபர்ட்சனின் மகள் லிஸ்ஸி ஹிக்கின்ஸின் குரல் அதில் இருக்கிறது. 1997-ல் வந்த பென்னட்டின் இன்னொரு ஆல்பத்தில் மக்லீன் தன் வாயாலேயே ‘ஹாலேக்’ வாசிக்கிறார். இரண்டையும் கேட்டுவிட்டு, கவிதையின் ஆங்கில வடிவத்தைப் படியுங்கள், அதையும் மக்லீனே செய்திருக்கிறார். அதன்பின் ‘லானார்க்’. தடியான புத்தகம், மூன்றாம் பாகத்தில்தான் தொடங்கும், பயந்து வைத்துவிடாதீர்கள். உங்கள் கிளாஸ்கோ நண்பரிடம் கேட்டால் அவர் கையில் ஒரு பிரதி நிச்சயம் இருக்கும்.

அன்புடன்